அந்த ஸ்டீல் கித்தாரை வாசித்தது யார்? பழைய கன்ட்ரி பதிவுகளில் கலைஞரைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

1964 ஜூலையில், அமெரிக்கக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில், ஆர்சிஏ ஸ்டுடியோவில் கானி ஸ்மித் 'ஒன்ஸ் எ டே' பாடினார். கன்ட்ரி பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு அது. அவர் ஒரு வரியை முடித்ததும் கூர்மையாக எழுந்து பதில் சொல்லும் ஸ்டீல் கித்தாரை, அதாவது கிடைமட்டமாக வைத்துத் தந்திமேல் இரும்புத் தண்டை வழுக்கி வாசிக்கும் கித்தாரை, எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் பாதிதான் மிஞ்சும். ஆனால் தட்டின் லேபிளில் பாடகி பெயரும், எழுதிய பில் ஆண்டர்சன் பெயரும்தான் இருக்கும். ஸ்டீல் வாசித்த வெல்டன் மைரிக்கின் பெயர் இருக்காது.

அன்றைய வழக்கம் அப்படி. சிங்கிள் தட்டுகளில் வாத்தியக்காரர் பெயர் போடுவதே இல்லை. பல பாட்டுகள் அடங்கிய எல்பி தட்டுகளின் உறைகளிலும் 1970கள் வரை அது அபூர்வம்தான். செஷன் என்ற மூன்று மணி நேரப் பதிவு அமர்வுக்கு இசைக்கலைஞர் சங்கம் நிர்ணயித்த கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டுடியோவுக்குப் போய்விடுவார்கள். பாட்டு உலகம் முழுக்க ஓடும், வாசித்தவர் யார் என்பது பக்கத்து நாற்காலிக்காரருக்கு மட்டும் தெரியும். அந்தப் பெயர்களைச் சரியாகக் கண்டுபிடித்து எழுதிவைப்பது அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்றே நான் நினைக்கிறேன். சரியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். தப்பான பெயரை எழுதினால் வாசித்தவரிடமிருந்து அந்தப் பாட்டை இரண்டாம் முறை பறித்துவிடுகிறோம்.

காதை மட்டும் நம்பினால் நமக்குப் பிடித்த ஒருவர் பெயரையே எல்லாப் பாட்டிலும் எழுதிவிடுவோம். காகிதத்தை மட்டும் நம்பினால், அன்று ஸ்டுடியோவுக்கு வந்தும் அந்தப் பாட்டில் வாசிக்காதவருக்குப் பெயர் போய்விடும். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பயன்படுத்துவது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: கையில் இருப்பது எந்தப் பதிவு?

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

1950, 60களில் புகழ்பெற்ற பாடகர்களில் பலர், பின்னாளில் வேறு நிறுவனங்களுக்காகத் தங்கள் பழைய பாட்டுகளையே மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். ஸ்ட்ரீமிங் செயலிகளில் இந்த மறுபதிவும் மூலப் பதிவும் ஒரே படம், ஒரே தலைப்போடு பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். 1959இல் வந்த தட்டில் யார் வாசித்தார் என்று தேடுகிறவர், பல வருடம் கழித்து வேறொரு குழு வாசித்த பதிவைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் முதலில் பாட்டின் நீளத்தை நொடிக்கணக்கில் பாருங்கள். வெளியிட்ட நிறுவனம் எது, உரிமை வருடம் எது என்று பாருங்கள். முடிந்தால் மூலத் தட்டின் லேபிள் படத்தைத் தேடி எடுங்கள். அதில் விற்பனை எண்ணைத் தவிர இன்னொரு எண் இருக்கும். அது மாஸ்டர் எண். நிறுவனத்தின் ஏடுகளும் டிஸ்கோகிராஃபி எனப்படும் பதிவு விவரப் பட்டியல்களும் பாட்டுகளை அந்த எண்ணில்தான் அடையாளம் வைத்திருக்கின்றன. அதைக் குறித்துக்கொண்டால் பின்னால் காகித வேலை பாதியாகக் குறையும்.

இன்னொரு கண்ணி, பின்னால் சேர்த்த இசை. கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1953 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். அவர் கித்தாரோடு தனியாகப் பாடிவைத்திருந்த டெமோக்களின் மேல் இசைக்குழுவை வாசிக்கவைத்து எம்ஜிஎம் நிறுவனம் தட்டுகள் வெளியிட்டது. அப்படிப்பட்ட தட்டில் பாடிய தேதி வேறு, ஸ்டீல் வாசித்த தேதி வேறு. வாத்தியங்களைத் தனித்தனியாகப் பதிய உதவும் பல டிராக் டேப் வந்தபின் இது சர்வசாதாரணமாகிவிட்டது. பாடிய நாளின் சங்க ஒப்பந்தத்தாளில் (படி 6இல் விளக்குகிறேன்) ஸ்டீல்காரர் இல்லை என்றால், சேர்த்து வாசித்த நாளுக்குத் தனித் தாள் ஒன்று இருக்க வேண்டும் என்று தேடுங்கள்.

படி 2: கேட்பது ஸ்டீல்தானா?

ஸ்டீல் போல ஒலிக்கும் கருவிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று டோப்ரோ. அதுவும் தந்திமேல் இரும்புத் தண்டை வழுக்கி வாசிப்பதுதான். ஆனால் அதில் உலோகக் கிண்ணம் மூலம் ஒலி பெருகுவதால், ஒவ்வொரு மீட்டலும் பளிச்சென்று எழுந்து சீக்கிரம் மடியும். வால்யூம் பெடலை அழுத்திக் கார்வையை நீட்டும் வசதி அதற்குக் கிடையாது. மேலும் செஷன் ஸ்டீல்காரர்களில் பலர், லாயிட் கிரீன் உட்பட, டோப்ரோவும் வாசித்திருக்கிறார்கள். ஆக, தாளில் ஒரு ஸ்டீல்காரர் பெயர் இருப்பதால் மட்டும் அந்தப் பாட்டில் ஸ்டீல் இருக்கிறது என்று ஆகிவிடாது.

இரண்டாவது இன்னும் ஏமாற்றும். 1960களின் இறுதியில் ஜீன் பார்சன்ஸும் கிளாரன்ஸ் வைட்டும் சேர்ந்து சாதாரண டெலிகாஸ்டர் கித்தாருக்குள் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். கித்தாரின் கழுத்தைக் கீழே அழுத்தித் தோள்பட்டியை இழுத்தால் இரண்டாம் தந்தி மட்டும் ஒரு முழுச் சுரம் ஏறும். பி-பெண்டர் என்று பெயர். ஈகிள்ஸ் குழுவின் 1972ஆம் வருடத்து 'பீஸ்ஃபுல் ஈஸி ஃபீலிங்' பாட்டில் பெர்னி லெடன் வாசிப்பது அதுதான். அதைப் பெடல் ஸ்டீல், அதாவது காலால் சுருதி மாற்றும் ஸ்டீல், என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். வித்தியாசம் இதுதான்: பி-பெண்டரில் சுரங்கள் மெட்டுக்கட்டைகளில் விரல் அழுத்திப் பிறக்கின்றன. ஒரு சுரத்திலிருந்து வெகுதூரத்துச் சுரத்துக்கு இழைவாக, இடையில் படிக்கட்டே இல்லாமல், அதிர்வோடு வழுக்கிப் போக அதனால் முடியாது. அந்த நீண்ட வழுக்கல் எங்காவது ஒரு இடத்தில் கேட்டால் அது பி-பெண்டர் அல்ல.

படி 3: பெடல் இருக்கிறதா, இல்லையா?

இதை மட்டும் ஒழுங்காகக் கேட்கப் பழகிவிட்டால் பாதிப் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெடல் இல்லாத ஸ்டீலில் இடது கையில் பிடித்த இரும்புத் தண்டு நகரும்போது, அது தொடும் தந்திகள் எல்லாம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். தண்டைச் சாய்த்துப் பிடித்துச் சில வித்தைகள் செய்யலாம். அடிப்படை இதுதான். பெடல் ஸ்டீலில் தண்டு அசையாமல் இருக்கும்போதே, கால் ஒரு தந்தியின் சுருதியை மட்டும் மாற்றும்.

நாஷ்வில்லில் நிலைத்த ஈ9 சுருதி அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஈ என்பதை ஷட்ஜமமாக வைத்தால், தந்திகளில் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் கிடைக்கின்றன. இரண்டு பெடல்களைச் சேர்த்து அழுத்தினால் ஷட்ஜமம் அப்படியே நிற்க, காந்தாரம் சுத்த மத்யமத்துக்கும் பஞ்சமம் சதுச்ருதி தைவதத்துக்கும் ஏறும். மூன்று சுரம் ஒன்றாக ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதில் இரண்டு மட்டும் மேலே நகர்கின்றன, மூன்றாவது ஆடாமல் அசையாமல் நிற்கிறது. கன்ட்ரி இசையின் அழுகை என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதைப் பிடிப்பது எளிது. நிற்கும் சுரத்தைக் காதால் பிடித்துக்கொண்டு, நகரும் சுரத்தைப் பின்தொடருங்கள்.

இந்த ஒலி ஒரு ஹிட் பாட்டில் முதன்முதலாகப் பரவலாகக் கேட்டது வெப் பியர்ஸின் 'ஸ்லோலி'யில். 1953 இறுதியில் பதிவாகி 1954இல் வெளிவந்தது. வாசித்தவர் பட் ஐசக்ஸ். அதைக் கேட்ட ஸ்டீல்காரர்கள் தங்கள் கருவிகளில் பெடல் பொருத்த அலைந்தார்கள். ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்த இரண்டு ஏற்றங்களையும் பட்டி எமன்ஸ் என்ற ஸ்டீல் கலைஞர் இரண்டு பெடல்களாகப் பிரித்தார். 1962இல் அவரே ஈ9 அமைப்பில் மேலே இரண்டு தந்திகளைச் சேர்த்தார். அந்த இரண்டு தந்திகள் வந்தபிறகுதான், தண்டை அதிகம் நகர்த்தாமல் ஒரே இடத்தில் வேகமாக ஸ்வர வரிசைகளை உதிர்க்க முடிந்தது. முழங்காலால் தள்ளிச் சுருதி மாற்றும் லீவர்கள் 1960களின் நடுவிலிருந்து பரவின.

சரி, இதனால் நமக்கு என்ன பயன்? காலக்கணக்கு கிடைக்கிறது. 1951 என்று ஒரு தட்டுக்குத் தேதி சொல்லி, அதில் ஒரு சுரம் நிற்க மற்றது ஏறும் ஒலி தெளிவாகக் கேட்டால், ஒன்று தேதி தவறு, அல்லது பின்னால் சேர்த்த இசை, அல்லது ஸ்பீடி வெஸ்ட் போல அப்போதே பிக்ஸ்பி பெடல் கருவி வைத்திருந்த மிகச் சிலரில் ஒருவர்.

படி 4: ஊரும் வருடமும்

ஒரு குறிப்பிட்ட வருடத்தில் ஒரு குறிப்பிட்ட ஊரில் செஷன் வாசித்துக்கொண்டிருந்த ஸ்டீல்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பாட்டு எங்கே பதிவானது என்று தெரிந்துவிட்டால் வட்டம் சட்டென்று சுருங்கும்.

நாஷ்வில்லில் 1960களில் நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போகும் பெயர்கள் பீட் டிரேக், லாயிட் கிரீன், வெல்டன் மைரிக், ஹால் ரக், பட்டி எமன்ஸ், ஜிம்மி டே. கலிஃபோர்னியா பக்கம் போனால் ஆட்கள் வேறு. பக் ஓவன்ஸ் தன் சொந்தக் குழுவையே ஹாலிவுட்டின் கேப்பிடல் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் வாசிக்கவைத்தார். 1959இல் 'அண்டர் யுவர் ஸ்பெல் அகெய்ன்' பாட்டில் ரால்ஃப் மூனி. 1964இல் 'டுகெதர் அகெய்ன்' பாட்டில் டாம் பிரம்லி. மெர்ல் ஹேகர்டின் 1966ஆம் வருடத்து 'தி பாட்டில் லெட் மீ டவுன்' மறுபடி மூனி.

கலைஞர்களின் இடமாற்றங்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எமன்ஸ் 1960களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் போய், 1974இல் நாஷ்வில் திரும்பினார். ஜூடி காலின்ஸின் 'சம்டே சூன்' (1968) பாட்டில் அவர் வாசித்தது அந்தக் காலத்தில்தான். மூனி 1970இலிருந்து வேலன் ஜென்னிங்ஸோடு இருந்தார். ஜெர்ரி பேர்ட் 1972இல் ஹவாய்க்கே குடிபோய்விட்டார். பிரம்லி 1969இல் பக் ஓவன்ஸை விட்டு ரிக் நெல்சன் குழுவில் சேர்ந்தார். இந்தக் கட்டத்துக்குள் பொருந்தாத ஒரு பெயரை யாராவது சொன்னால் உடனே தள்ளிவிட வேண்டாம். ஆனால் சான்று கேளுங்கள்.

நாஷ்வில்லைப் பற்றி ஒரு விஷயம் மனதில் நிற்கட்டும். ஊர் ஊராகப் பாடகரோடு பஸ்ஸில் போய் வாசித்தவர் ஒருவர், தட்டில் வாசித்தவர் இன்னொருவர் என்பதுதான் அங்கே பொது விதி. மேடைப் புகைப்படத்தில் பாடகர் பின்னால் ஸ்டீலோடு உட்கார்ந்திருப்பவரைத் தட்டிலும் வாசித்ததாக எழுதிவிடுவது மிகப் பரவலான தவறு. பாடகரும் பாட்டை எழுதியவரும்கூட நம்மைத் திசை திருப்பலாம். 1956இல் ரே பிரைஸ் பாடிய 'கிரேஸி ஆர்ம்ஸ்' பாட்டைச் சேர்ந்து எழுதியவர் ரால்ஃப் மூனி, அவரே பெரிய ஸ்டீல் கலைஞர். ஆனால் அந்தத் தட்டில் ஸ்டீல் வாசித்தது ஜிம்மி டே.

படி 5: கையைக் கேளுங்கள்

இப்போது மூன்று நான்கு பெயர்களோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். இனிமேல்தான் காதுக்கு உண்மையான வேலை.

நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீரியோ பதிவென்றால் ஒரு காதை மட்டும் கேளுங்கள். பல பதிவுகளில் ஸ்டீல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். வேகத்தைப் பாதியாக்கிக் கேட்க இப்போது எல்லாச் செயலிகளிலும் வசதி இருக்கிறது. சோலோவை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சோலோவில் எல்லோரும் புதிதாக ஏதாவது செய்து பார்ப்பார்கள். பாடகர் பாடும்போது பின்னால் என்ன செய்கிறார் என்பதில்தான் பழக்கம் வெளிப்படும்.

கருவியின் பிராண்டைக் காதால் கண்டுபிடித்து அதிலிருந்து ஆளைப் பிடிக்க முயல வேண்டாம் என்பது என் அழுத்தமான அபிப்பிராயம். ஷோ-பட் கருவியா, எமன்ஸ் பெயரிலேயே வரும் கருவியா என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஆம்ப், மைக், எஞ்சினியர், மாஸ்டரிங் என்று ஒலியை மாற்றும் கைகள் பல. கலைஞரும் கருவியை மாற்றுவார். அதைவிட நிலையானவை மூன்று: தண்டின் அதிர்வு எவ்வளவு வேகம், எவ்வளவு அகலம் என்பது, சுரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறுகிறாரா, நேராக இறங்குகிறாரா என்பது, இரண்டு மீட்டலுக்கு நடுவே தந்தியை எப்படி நிறுத்துகிறார் என்பது.

ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டுகள் இதற்கு அருமையான பயிற்சி. 1949இல் சின்சினாட்டியில் பதிவான 'ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' பாட்டில் ஸ்டீல் ஜெர்ரி பேர்ட். 1952 செப்டம்பரில் நாஷ்வில்லில் பதிவான 'யுவர் சீட்டின் ஹார்ட்' பாட்டில் டான் ஹெல்ம்ஸ். இருவரிடமும் பெடல் இல்லை. பாடகர் ஒருவரே. இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். பேர்டின் ஒலி உருண்டையாக, ஹவாய் வாசம் வீச, அகலமான நிதானமான அதிர்வோடு குரலுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. ஹெல்ம்ஸ் மேல் ஸ்தாயியிலேயே நிற்கிறார். ஹாங்க்கின் குரல் எட்டாத உயரத்தில், மெல்லிய கம்பியாக, அறுக்கும் கூர்மையோடு. ஒரு தடவை இந்த வித்தியாசம் காதில் ஏறிவிட்டால் ஹாங்க்கின் மற்றப் பாட்டுகளை நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

மற்றவர்களைப் பற்றி என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். பீட் டிரேக் குறைவாக வாசிப்பவர். ஒரு சுரத்தைப் போட்டுவிட்டு அது முழுசாக ஒலித்து அடங்கும்வரை காத்திருப்பார். டாமி வைனெட்டின் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' (1968), பாப் டிலனின் 'லே லேடி லே' (1969) இரண்டையும் கேட்டால் புரியும். லாயிட் கிரீன் நேர்மாறு: சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாகத் தெளிவு, இரண்டிரண்டு சுரமாக ஓடும் ஓட்டங்கள், குரலோடு ஒருபோதும் மோதாத நாகரிகம். ரால்ஃப் மூனி துள்ளுவார். தந்தியைச் சட்டென்று வெட்டி, தாளத்துக்கு முன்னால் ஓடுகிற உற்சாகம் இருக்கும். வேலனின் 'ரெய்னி டே உமன்' அதற்குச் சாட்சி. டாம் பிரம்லியின் 'டுகெதர் அகெய்ன்' சோலோ பெடல் அசைவைப் படம்போட்டுக் காட்டும் மெதுவான வாசிப்பு, அதை மனப்பாடம் ஆகும்வரை கேளுங்கள். ஜான் ஹியூகி தந்தியின் கடைசி எல்லைவரை ஏறி, அங்கே நின்று அதிரவைப்பார். வின்ஸ் கில்லின் 'லுக் அட் அஸ்' (1991) தொடக்கத்தை ஒருமுறை கேட்டால் அவர் கையை மறக்க முடியாது. கர்லி சாக்கரின் அடையாளம் சி6 என்ற இன்னொரு சுருதி அமைப்பில் கனமான ஜாஸ் கார்டுகள்.

பட்டி எமன்ஸ்தான் கடினம். அவரால் எல்லாம் முடியும், எல்லோரும் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். யாரென்று தெரியாத அற்புதமான வாசிப்பையெல்லாம் எமன்ஸ் கணக்கில் எழுதும் பழக்கம் இதனால்தான் வந்தது. உங்கள் ஊகம் எமன்ஸ் என்றால் மற்றவர்களுக்குக் கேட்பதைவிட இரண்டு மடங்கு சான்று கேளுங்கள்.

இன்னொரு பயிற்சி: பேர்ட்ஸ் குழுவின் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' (1968). நாஷ்வில்லில் பதிவான 'யூ எய்ன்ட் கோயின் நோவேர்', 'ஹிக்கரி விண்ட்' பாட்டுகளில் ஸ்டீல் லாயிட் கிரீன். லாஸ் ஏஞ்சலஸில் பதிவான 'தி கிறிஸ்டியன் லைஃப்', 'யூ ஆர் ஸ்டில் ஆன் மை மைண்ட்' பாட்டுகளில் ஜேடீ மானெஸ். ஒரே ஆல்பம், ஒரே குழு, இரண்டு ஊர், இரண்டு கை. ஆல்பத்துக்கு ஒரு ஸ்டீல்காரர் என்று நினைக்கும் பழக்கத்தை இந்த ஒரு தட்டு உடைத்துவிடும். டாமி வைனெட்டிடமும் இதே கதைதான். 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' வந்த அதே வருடம், அதே தயாரிப்பாளர் பில்லி ஷெரில் செய்த 'டி-ஐ-வி-ஓ-ஆர்-சி-இ' பாட்டில் வாசித்தது லாயிட் கிரீன்.

சில தட்டுகளில் கையை அடையாளம் காணும் வேலையே வேண்டியதில்லை. பாப் வில்ஸ் தன் வாத்தியக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூவுவார். 1936இல் பதிவான 'ஸ்டீல் கித்தார் ராக்' தட்டில் லியான் என்று அவர் கூப்பிட, லியான் மெக்காலிஃப் எடுத்துக்கொள்கிறார். தட்டிலேயே பதிந்த சாட்சியம் அது. அதனால் பேச்சுக்குரல் வரும் இடங்களைக் கவனமாகக் கேளுங்கள்.

படி 6: காகிதம்

அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தத்தாள்தான் நமக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த சான்று. நாஷ்வில்லுக்கு அந்தச் சங்கத்தின் 257ஆம் கிளை. ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு தாள். மேலே நிறுவனத்தின் பெயர், தேதி, ஸ்டுடியோ, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை. நாஷ்வில்லில் நாளை நான்காகப் பிரித்திருந்தார்கள்: காலை 10 முதல் 1, மதியம் 2 முதல் 5, மாலை 6 முதல் 9, இரவு 10 முதல் 1. அடுத்து பதிவான பாட்டுகளின் தலைப்பு, மாஸ்டர் எண். மூன்று மணி நேரத்தில் 15 நிமிட இசைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அதனால்தான் ஒரு செஷனுக்கு மூன்று நான்கு பாட்டு என்று கணக்கு வரும். கீழே கலைஞர் பட்டியல். முதலில் இருப்பவர் லீடர், அவருக்கு இரட்டைக் கூலி. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் முகவரி, சமூகப் பாதுகாப்பு எண், தொகை.

இந்தத் தாளைப் படிக்கும்போது மூன்று எச்சரிக்கை. பெயர் இருக்கும், பல தாள்களில் வாத்தியம் குறிப்பிட்டிருக்காது. அந்தப் பட்டியலில் யார் ஸ்டீல்காரர் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, நான்கு பாட்டுக்கும் ஒரே பட்டியல். நான்கிலும் எல்லோரும் வாசித்தார்கள் என்று தாள் சொல்வதில்லை, அதைக் காதுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது, ஒரே பாட்டை இரண்டு செஷனில் முயன்றிருப்பார்கள். வெளிவந்தது எந்த நாளில் வாசித்த பதிவு என்பதை மாஸ்டர் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாளின் படம் உங்கள் கைக்குக் கிடைத்தால் முகவரி, அடையாள எண்களை மறைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். அவை ஒரு குடும்பத்தின் சொந்த விவரங்கள்.

எல்லோராலும் நாஷ்வில் போய் மூலத்தாளைப் பார்க்க முடியாது. அந்த வேலையை வேறு சிலர் செய்துவைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் 1975இலிருந்து வெளியிட்டுவரும் பெட்டித் தொகுப்புகளில், பாடகர் ஒருவரின் பதிவுகளை நாள்வாரியாக, வாத்தியக்காரர் பெயர்களோடு தடித்த புத்தகத்தில் தருகிறார்கள். இந்தத் துறையில் பணம் செலவழித்து வாங்கத் தகுந்தது இதுதான். 1950களுக்கு முந்தைய தட்டுகளுக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க வரலாற்றுப் பதிவுகளின் டிஸ்கோகிராஃபி இலவசமாகவே கிடைக்கிறது. நாஷ்வில்லில் உள்ள கன்ட்ரி இசை ஹால் ஆஃப் ஃபேமின் ஃபிரிஸ்ட் நூலகத்தில் கலைஞர்களின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன.

எல்பி உறையில் அச்சான பெயர்களை ஒரு படி கீழே வையுங்கள். இரண்டு ஸ்டீல்காரர் பெயரைப் போட்டு, எந்தப் பாட்டில் யார் என்று சொல்லாமல் விட்ட உறைகள் ஏராளம். தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் போன்ற தளங்களில் இருப்பது பெரும்பாலும் உறையில் அச்சானதன் நகல், அதற்கு மேல் அதில் எடை கிடையாது.

படி 7: நினைவு

வாசித்தவரே சொன்னால்? மதிப்பு உண்டு, ஆனால் நிபந்தனையோடு. ஒரு நாளைக்கு மூன்று நான்கு செஷன் என்று வருடக்கணக்கில் வாசித்தவர்களுக்கு, பத்து மணிக்கு வாசித்த பாட்டு மறுநாள் நினைவில் இருக்காது. அப்போது அது ஹிட் பாட்டும் அல்ல, யாரும் கேள்விப்படாத புதுப் பாட்டு. ஏதாவது விசேஷம் நடந்த செஷன் மட்டும் தங்கும். அதனால் ஒரு பேட்டியைப் படிக்கும்போது, வாசித்தேன் என்ற சொல்லைவிட அதோடு வரும் விவரங்களைப் பாருங்கள்: எந்த ஸ்டுடியோ, யார் தயாரிப்பாளர், பக்கத்தில் யார், தயாரிப்பாளர் என்ன சொன்னார். இவை தாளோடு ஒத்துப்போனால் அந்த நினைவு கெட்டியானது. வாசிக்கவில்லை என்று ஒருவர் மறுத்தால் அதற்கு நான் அதிக எடை தருவேன். புகழ்பெற்ற பாட்டு ஒன்றைத் தனதில்லை என்று சொல்ல யாருக்கும் லாபமில்லை.

கலைஞர்களின் பிள்ளைகள், ரசிகர்கள் சொல்வதெல்லாம் தேடலைத் தொடங்க உதவும் துப்பு. அதை அந்த அளவில் மரியாதையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: எழுதிவைப்பது

பெயரை மட்டும் எழுதாதீர்கள், அது எங்கிருந்து வந்தது என்பதையும் கூடவே எழுதுங்கள். நான் பயன்படுத்தும் வரிசை இது: ஒப்பந்தத்தாளும் காதும் ஒத்துப்போனால் உறுதி. தாள் மட்டும் என்றால் அல்லது உறை மட்டும் என்றால் அப்படியே குறிப்பு. கலைஞர் சொன்னது என்றால் எந்தப் பேட்டி, எந்த வருடம். காது மட்டும் என்றால், எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், பெயருக்கு முன்னால் 'ஊகம்' என்று போட்டுவிடுவேன். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் அடுத்தவர் அதை உண்மையாக எடுத்து எழுதுவார், அப்புறம் அது நாலு இடத்தில் பரவி ஒன்றுக்கொன்று சான்றாகிவிடும். இணையத்தில் சுற்றும் பல தப்பான பெயர்களின் பிறப்பு இப்படித்தான்.

குறிப்பை ஆல்பத்துக்குப் போடாமல் பாட்டுக்குப் போடுங்கள். ஒரே பாட்டில் மூலப் பதிவும் மறுபதிவும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் குறிப்பு, மாஸ்டர் எண்ணோடு. இசைப் பதிவு விவரங்களைத் தொகுக்கும் மியூசிக்பிரெயின்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் தனிப் பக்கம் இருப்பதால், பெடல் ஸ்டீல் வாசித்தவரை அந்தக் குறிப்பிட்ட பதிவோடு இணைக்க முடியும். திருத்தக் குறிப்பில் சான்றைச் சேர்க்க மறக்காதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஒரு பாடகரின் ஒரே ஒரு வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாமி வைனெட்டின் 1968 நல்ல தேர்வு. இரண்டு பாட்டுக்கு விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அந்த வருடத்தில் அவர் பாடிய மற்றப் பாட்டுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே கிரீன், டிரேக், தெரியவில்லை என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். பிறகு செஷன் பட்டியலை எடுத்து ஒப்பிடுங்கள். தெரியவில்லை என்று எழுதியவற்றில் தாளும் பதில் சொல்லாதவை சில மிஞ்சும். அவற்றை அப்படியே விட்டுவைத்து, எந்த நொடியில் எந்த வாசிப்பு உங்களை யோசிக்கவைத்தது என்று மட்டும் குறித்துவையுங்கள்.